முதல் போட்டவர் உண்டு, நடப்புச் செலவுக்கு யார்?

எங்கள் ஊருக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஊருணி. நான்கு புறமும் கல் படிக்கட்டு, நடுவில் ஒரு கிணறு, கரையில் கொடையாளியின் பெயர் பொறித்த கல். கூப்பிடு தூரத்தில் முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. அதன் காலடியில் காவிரித் தண்ணீர் வந்து விழும் தரைமட்டத் தொட்டி. தெருவுக்குள் திரும்பினால் வீட்டுக்கு ஒரு குழாய், சிமென்ட் பீடத்தின் மேல் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும், செட்டிநாட்டு ஊர்களில் இந்த வரிசையை ஏறக்குறைய இப்படியே பார்க்கலாம்.

நான்கையும் கட்டியது நான்கு வேறு வேறு பணம். ஊருணி கடல் கடந்து போய்ச் சம்பாதித்த தனியார் கொடை. மேல்நிலைத் தொட்டி ஊரக வளர்ச்சித் துறையின் திட்டப் பணம். காவிரிக் குழாய் மாநில அரசு முன்னின்று கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம். வாசல் குழாய் மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொண்ட ஜல் ஜீவன். நூறு ஆண்டுகளில் தண்ணீருக்காகப் பணம் போட்டவர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு நாளும் ஆகும் செலவை யார் தருவது என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை தீராமல் நிற்கிறது. தண்ணீர் வராத நாளில் நாம் தொட்டியைப் பார்க்கிறோம், குழாயைப் பார்க்கிறோம், வானத்தைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை.

கணக்குப் புத்தகம் செட்டிநாட்டுக்கு அந்நியமானதன்று. முதல், வட்டி, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்கள் சமையலறைப் பேச்சில்கூடப் புழங்கிய நிலம் இது. எனவே குடிநீர் நிதி, துப்புரவு நிதி என்று பெரிய பெரிய அறிக்கைகளில் வரும் விஷயத்தை இந்த ஊரின் சொற்களாலேயே விளக்க முடியும் என்று நம்புகிறேன்.

ஊருணியிலிருந்தே தொடங்குகிறேன். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் இரண்டு மூன்று மாதத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மீதி ஆண்டை ஓட்ட வேண்டும். ஊர்களை அமைத்தவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பெரிய வீடுகளின் ஓட்டுச் சரிவுகள் முற்றத்தை நோக்கி இறங்குகின்றன. முற்றத்தில் விழுந்த மழை அண்டாவிலும் கிடாரத்திலும் நிறைந்தது போக, மிச்சம் கிணற்றுக்கும் தெருவோரக் கால்வாய்க்கும் போகும். தெருக் கால்வாய் வரத்துக்காலில் சேரும், வரத்துக்கால் ஊருணியில் சேரும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் சதுர அடிக் கூரை உள்ள ஒரு வீட்டின் மேல் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால், சிந்தியது சிதறியது போக ஆறேழு லட்சம் லிட்டர் கைக்கு வரும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-இல். அதற்குப் பல தலைமுறை முன்பே இங்கே கொத்தனாருக்கும் தச்சருக்கும் அது தொழிலின் பால பாடம்.

கட்டியதோடு அவர்கள் நிறுத்தவில்லை என்பதுதான் என் கவனத்தை இழுக்கிறது. குடிக்கும் ஊருணி வேறு, குளிக்கும் ஊருணி வேறு. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல். கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் தூர் வார ஆட்கள். இதற்கெல்லாம் ஆண்டுதோறும் பணம் வேண்டும். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வழக்கத்தில் திருமணமான தம்பதியர் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்குச் செலுத்துவது புள்ளி வரி. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை அறத்துக்கென்று ஒதுக்குவது மகமை. கோயிலையும் ஊருணியையும் ஊர்ப் பொதுவில் வைத்துப் பராமரித்த இடங்களில், முதல் போட்ட பெரிய கொடையாளி ஒருவர் என்றால், நடப்புச் செலவைத் தாங்கிய சிறிய கைகள் பல. கோயில் கட்டளை ஏற்படுத்துகிறவர் விளக்கு வாங்கிக் கொடுப்பதோடு நிற்பதில்லை, விளக்கு எரிய எண்ணெய்க்கும் ஒரு வழி எழுதி வைப்பார். எண்ணெய்க்கு வழி இல்லாமல் விளக்கை மட்டும் கொடுத்தால் அதை யாரும் கட்டளை என்று சொல்வதில்லை.

இதை நான் பொற்காலம் என்று கொண்டாடவில்லை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தின் கால் பங்கு செட்டியார்களின் கைக்குப் போயிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்த உழவர்களின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. இங்கேயும் எல்லோரும் ஒரே படிக்கட்டில் இறங்கித் தண்ணீர் மொண்டதில்லை. சாதியின் பெயரால் விலக்கப்பட்டவர்கள், ஊருணி நிறைந்திருந்த காலத்திலும் தொலைவில் உள்ள ஊற்றைத் தேடிப் போனார்கள். கொடையால் வரும் தண்ணீர் கொடுத்தவரின் விருப்பப்படி பங்கிடப்படும். வரியால் வரும் தண்ணீரில் மட்டுமே எல்லோருக்கும் சம உரிமை கேட்க முடியும். ஊருணியை விட்டு அரசாங்கக் குழாய்க்கு மாறியதில் உள்ள பெரிய நன்மை இதுதான். அதை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பணத்தின் ஊற்று அடைபட்டது. விடுதலைக்குப் பின் பர்மாவில் நிலம் அரசுடைமையானது. குடும்பங்கள் சென்னைக்கும் கோவைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. வீடுகள் பூட்டப்பட்டன. புள்ளிகள் ஏட்டில் இருந்தன, ஆட்கள் ஊரில் இல்லை. ஊருணிகளில் பல அப்போதுதான் தூர்ந்துபோகத் தொடங்கின. மழை பொய்த்ததை விட, கரையைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதுதான் அவற்றை அதிகம் வாட்டியது.

அடுத்து வந்தது அரசின் காலம். 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவானது. ஆழ்குழாய்க் கிணறு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் என்று ஊர் ஊராக வந்தன. காரைக்குடி நகரத்துக்குச் சம்பை ஊற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் கைகொடுத்தது. அந்தத் தண்ணீரின் சுவையைச் சொல்லிப் பெருமைப்படாத காரைக்குடிக்காரர் இல்லை. வறண்ட கிழக்குப் பகுதிகளுக்காகத் திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையிலிருந்து தண்ணீர் எடுக்கும் ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 616 கோடி ரூபாயில் வந்தது. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள் அதில் அடக்கம்.

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர் தினமும் காலை ஐந்தரை மணிக்கு மோட்டார் அறையைத் திறப்பார். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், மின்சாரம் போன நேரம், ப்ளீச்சிங் பவுடர் கலந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை மோட்டார் எரிந்து பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லை. "என்ன அண்ணே, புதுத் தொட்டி கட்டப்போகிறார்களாமே?" என்று கேட்டேன். "தொட்டிக்குப் பணம் வரும் தம்பி, எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டத்தான் பணம் வராது" என்றார். வளரும் நாடுகளின் குடிநீர் நிதி பற்றி நான் படித்த எந்த ஆய்வும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

அவர் சொன்னதை எண்களில் போட்டுப் பார்க்கிறேன். ஐந்நூறு பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஏறக்குறைய முப்பதாயிரம் லிட்டரை ஏற்ற வேண்டும். நிலத்தடியில் நூறு மீட்டர், தரைக்கு மேல் பதினைந்து மீட்டர் ஏற்றினால், மோட்டாரின் திறன் இழப்பையும் சேர்த்து நாளுக்கு இருபது யூனிட் மின்சாரம் பிடிக்கும். யூனிட் எட்டு ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் மாதம் ஐயாயிரம் ரூபாய். இயக்குபவர் சம்பளம், குளோரின், வால்வு, குழாய் உடைப்பு, என்றாவது எரியப்போகும் மோட்டாருக்கான சேமிப்பு எல்லாவற்றுக்கும் இன்னொரு பத்தாயிரம் என்று வைத்தால் மொத்தம் பதினைந்தாயிரம். ஊரில் 125 வீடுகள் என்றால் வீட்டுக்கு 120 ரூபாய். லிட்டருக்கு இரண்டு பைசாகூட ஆகவில்லை. அதே ஊரில் இருபது லிட்டர் கேன் முப்பது ரூபாய்க்கு வாங்குகிற வீடு, லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் கொடுக்கிறது. குழாய்த் தண்ணீரைப் போல் தொண்ணூறு மடங்கு. மக்களிடம் பணம் இல்லை என்று யாராவது சொன்னால், எந்த மக்களிடம், எந்தத் தண்ணீருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேன் வாங்க முடியாத வீடுதான் குழாய் நின்றதும் முதலில் தவிக்கிறது.

இந்தப் பதினைந்தாயிரம் எங்கிருந்து வரலாம்? உலகம் முழுவதும் வழி மூன்றே மூன்றுதான். பயன்படுத்துகிறவர் கட்டும் கட்டணம், எல்லோரும் கட்டும் வரி, வெளியிலிருந்து யாரேனும் திருப்பிக் கேட்காமல் தரும் உதவி. கடன் நான்காவது வழி போலத் தெரியும். ஆனால் கடன் பணத்தை முன்கூட்டித் தருகிறதே தவிர, திருப்பிக் கட்டும்போது அந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். வட்டிக் கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரசியல் மேடைகளில் மட்டும் கடன் வந்ததே வருமானம் வந்ததாகச் சொல்லப்படுகிறது.

எங்கள் ஊர்போன்ற கிராம ஊராட்சிக்குச் சொந்த வருமானம் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், சிறு சிறு குத்தகைகள். இதைக் கொண்டு எந்த ஊராட்சியும் தண்ணீர் ஏற்ற முடியாது. மாநில நிதி ஆணையப் பரிந்துரையின்படி, தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. அதில் ஊராட்சிக்கு வரும் பங்கில் மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் உரியது தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது. ஊராட்சி மொழியில் அது இரண்டாம் எண் கணக்கு. தெருவிளக்கு எரிவதும் மோட்டார் ஓடுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கின் தயவில்தான்.

மத்திய அரசிடமிருந்து வருவது நிதிக்குழு மானியம். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியதில் அறுபது சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைத்தது. பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு, பாதி துப்புரவுக்கு. நாடு முழுவதற்கும் சேர்த்து இந்தக் கட்டிவைத்த தொகை 1,42,084 கோடி ரூபாய். பராமரிப்புக்குப் பயன்படுத்தத் தக்க பணம் என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் முறையாக அமைந்த உள்ளாட்சிக்குத்தான் அது வரும், கணக்குத் தணிக்கை முடித்து இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. சிவகங்கை உள்பட மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்தல் தள்ளிப்போவதை நாம் அரசியல் செய்தியாகப் படிக்கிறோம். அது குடிநீர்ச் செய்தியும்தான்.

இப்போது வாசல் குழாய்க்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது இந்தியக் கிராமங்களில் 3.23 கோடி வீடுகளுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. ஆறில் ஒரு வீடு. இன்று ஐந்தில் நான்கு வீடுகளை எட்டியிருக்கிறது. இது சிறிய சாதனை அன்று. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்த பெண்களைக் கண்டு வளர்ந்த எவரும் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். தொடக்கத்தில் போட்ட மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குப் பாதிப் பாதி. ஊருக்குள் போடும் குழாய் வேலைகளின் செலவில் பத்து சதவீதத்தை ஊர் மக்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்ற விதியும் உண்டு. நம்முடையது என்ற எண்ணம் வர வேண்டும் என்பதற்காக.

ஆனால் அந்த இயக்கத்தின் விதிகளிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மின் கட்டணம், நிரந்தரப் பணியாளர் சம்பளம் போன்ற நடப்புச் செலவுகளுக்கு அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. அது மாநிலத்தின் பொறுப்பு, ஊராட்சியின் பொறுப்பு. டெல்லியில் எழுதும்போது நியாயமாகத் தோன்றும் பிரிவு இது. ஊரில் வந்து இறங்கும்போது, ஏற்கெனவே தள்ளாடும் இரண்டாம் எண் கணக்கின் தலையில் இன்னும் நூறு குழாய்களின் சுமை ஏறுகிறது. எத்தனை வீட்டுக்கு இணைப்பு என்பதை இணையத்தில் அன்றன்று பார்க்கலாம். எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது என்பது எங்கள் தொட்டி இயக்குபவரின் நோட்டில் இருக்கிறது. பணம் இணைப்பு எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து வருகிறது, அந்த மணிக் கணக்கைத் தேடி யாரும் வருவதில்லை.

கட்டுவதற்கான முதலே கூட உறுதியில்லை என்பதை 2024-25 காட்டியது. அந்த ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஜல் ஜீவனுக்கு 70,163 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாக இறங்கியது. அடுத்த பட்ஜெட்டில் இயக்கத்தை 2028 வரை நீட்டித்து 67,000 கோடி ஒதுக்குவதாக அறிவித்தார்கள். கட்டுமானத்தின் தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் வைக்கப்படும் என்ற சொல் அப்போதுதான் பட்ஜெட் உரையில் வந்தது. தாமதமாக வந்தாலும் அந்தச் சொல்லை வரவேற்கிறேன். பணம் இப்படி ஏறி இறங்கும்போது பள்ளம் தோண்டிப் போட்ட தெரு தோண்டியபடியே கிடக்கிறது. ஒப்பந்தக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

செட்டிநாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. திட்டத்தை வடிவமைக்கும் பொறியாளர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணை எடுத்துக்கொள்கிறார். பூட்டிய வீடுகள் நிறைந்த ஊரில் அந்த எண் மிகச் சிறியது. கோயில் குடமுழுக்கு வரும், தை மாதத்தில் அடுத்தடுத்து நான்கு திருமணம் வரும். ஐந்நூறு பேர் ஊரில் மூவாயிரம் பேர் தங்குவார்கள். சில பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே ஒருவர் பயன்படுத்தும் தண்ணீர் 55 லிட்டரில் அடங்காது. அவர்களுக்கு லாரித் தண்ணீர் வாங்கும் வசதி உண்டு. ஊரின் ஒரே நிலத்தடி நீரைத்தான் அந்த லாரியும் உறிஞ்சுகிறது. ஊராட்சி தன் கட்டணத்தில் வீட்டுக்கும் விடுதிக்கும் தெளிவான வேறுபாடு வைத்தால், பூட்டிய வீட்டுக்காரரிடம் இணைப்பு வைத்திருப்பதற்கென்று ஒரு நிலைக் கட்டணம் வாங்கினால், ஏழை வீட்டின் பாரம் குறையும். சிங்கப்பூரில் இருந்தபடி கோயிலுக்குப் புள்ளி வரி தவறாமல் அனுப்புகிறவர்கள் இதை மறுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டவர்தான் இல்லை.

நகரங்களின் கதை வேறு. அவை கடன் வாங்க முடியும். ஆனால் தனித்தனியாகப் போனால் சிறு நகராட்சியை எந்த முதலீட்டாளரும் நம்பமாட்டார். இதற்குத் தமிழ்நாடு கண்டுபிடித்த வழி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் படித்துவரும் பாடம். 2002-03-இல் குடிநீர், துப்புரவுக்கான கூட்டு நிதியம் ஒன்றை அமைத்து, 13 நகர்ப்புற உள்ளாட்சிகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். வட்டி 9.20 சதவீதம், காலம் 15 ஆண்டு. ஒவ்வொரு நகராட்சியும் தன் வருவாயில் தவணைக்குரியதை முதலிலேயே ஒரு தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். தவறினால் மாநில அரசு அந்த நகராட்சிக்குப் பகிர வேண்டிய நிதியிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு ஜாமீன் நின்றது. பத்துக் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று உண்டியல் என்ற வணிகக் கடன் சீட்டு எழுதிய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் உயிர்நாடி உடனே புரியும். கடன் கொடுப்பவர் பார்ப்பது கட்டப்போகும் தொட்டியை அல்ல, மாதாமாதம் வரப்போகும் வசூலை.

வெளிநாட்டுக் கடன்களும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளூரைடு நஞ்சிலிருந்து மக்களைக் காக்க வந்த ஒகேனக்கல் திட்டம் ஜப்பானியக் கடனில் எழுந்தது. வட்டி குறைவு, காலம் நீளம். ஆனால் தண்ணீர்க் கட்டணம் ரூபாயில் வருகிறது, கடன் யென்னில் இருக்கிறது. ரூபாய் சரிந்தால் அந்த இடைவெளியை யாரோ ஒருவர் வரியாகக் கட்ட வேண்டும். உதவி என்ற பெயரில் வருவதெல்லாம் தானம் ஆகாது.

கழிவைப் பற்றி இன்னும் நான் பேசவில்லை. பேச்சு எப்போதும் தண்ணீரில் தொடங்கித் தண்ணீரிலேயே முடிந்துவிடுகிறது. ஒருவர் 55 லிட்டர் பயன்படுத்தினால் அதில் பெரும்பகுதி அழுக்காகி எங்கோ போய்ச் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கில், 2022-இல் உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் இல்லை. பாதுகாப்பான துப்புரவு வசதி இல்லாதவர்கள் 350 கோடி. ஒன்றரை மடங்குக்கும் மேல். பணத்திலும் கவனத்திலும் கழிவு எப்போதும் இரண்டாவது பந்தி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை பாரத இயக்கம் வீட்டுக் கழிப்பறை ஒன்றுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. எங்கள் பகுதியிலும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. அதற்கென்று சொல்லப்பட்ட வடிவம் இரட்டைக் குழி. ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டால், முதல் குழி மக்கி எருவாகும். நடைமுறையில் பலர் ஒரே குழி தோண்டினார்கள், வசதி உள்ளவர்கள் செப்டிக் டேங்க் கட்டினார்கள். செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்தச் செலவு எந்தத் திட்டத்திலும் இல்லை, வீட்டுக்காரரின் தலையில். எனவே பொங்கி வழியும்வரை யாரும் லாரியைக் கூப்பிடுவதில்லை. லாரி வந்து எடுத்துப் போனதும் அது எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. வரத்துக்கால் ஓரத்தில் கொட்டினால் அது ஊருணிக்குத்தான் வரும்.

காரைக்குடியில் 2017-இல் நூறு கோடிக்கும் மேலான மதிப்பில் பாதாளச் சாக்கடைப் பணி தொடங்கியது. ஒரு நகரம் நகராட்சியாக இருந்தபோது தொடங்கிய வேலை, 2024-இல் அது மாநகராட்சி ஆன பிறகும் பேச்சில் இருந்தது. கழிவுநீர்க் குழாய்க்குத் தண்ணீர்க் குழாயைவிட ஆழம் வேண்டும், சரிவு வேண்டும், குறுகிய தெருவில் எதிரெதிர் வீடுகளின் அஸ்திவாரத்தைத் தொடாமல் போக வேண்டும். முடிந்த பிறகு ஒவ்வொரு வீடும் இணைப்புக் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். சேராவிட்டால் சுத்திகரிப்பு நிலையம் பசியோடு நிற்கும், கடன் தவணை மட்டும் தவறாமல் வரும். குடிநீருக்குக் கட்டணம் கேட்டால் முணுமுணுத்துக் கட்டுவோம். கழிவுக்குக் கேட்டால் "வெளியே போவதற்கா காசு" என்போம்.

அந்தக் காசைக் கட்டாததன் விலையை வேறு ஒருவர் கட்டுகிறார். அடைப்பை நீக்க இயந்திரம் வாங்காத இடத்தில் மனிதர் இறங்குகிறார். கையால் கழிவகற்றும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இறங்குகிறவர் எந்தச் சாதி என்பதை இந்த நாட்டில் யாரும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பராமரிப்பு நிதி என்ற உலர்ந்த சொல்லுக்குள் அவருடைய உயிர் இருக்கிறது என்பதால்தான் நான் இதை இவ்வளவு பேசுகிறேன்.

நடப்புச் செலவை முறைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கம்போடியாவில் இருக்கிறது. உள்நாட்டுப் போரால் சிதைந்திருந்த புனோம் பென் நகரக் குடிநீர் அமைப்பு 1993-இல் தன் தண்ணீரில் 72 சதவீதத்தைக் கசிவிலும் திருட்டிலும் இழந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு உதவி வந்தது, உண்மைதான். ஆனால் எக் சோன் சான் என்ற பொறியாளரின் தலைமையில் அவர்கள் முதலில் செய்தது, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்து, அதிகாரம் உள்ளவர்களின் வீடுகளிலும் கட்டணம் வாங்கியது. இழப்பு ஆறு சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஏழை வீடுகளுக்கு இணைப்புச் செலவில் சலுகையும் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் பெரிய வீடுகள் கட்டின.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்லலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். இன்றும் அது இயங்குவதற்குக் காரணம், கொடையைப் பெற்றுக்கொண்ட நாளிலேயே அதன் ஆண்டுச் செலவை ஓர் அரசு அமைப்பு தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. ஆய்வகத்துக்குச் செய்ததை ஐந்நூறு பேர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் செய்ய முடியும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். போன முறை எங்கள் கிராம சபையில் ஜல் ஜீவன் இணைப்புகளின் எண்ணிக்கையை வாசித்தார்கள், கை தட்டினோம், நானும் தட்டினேன். வரும் கூட்டத்துக்குத் தொட்டி இயக்குபவர் தன் நோட்டைக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார். கடந்த பன்னிரண்டு மாதத்தில் மோட்டார் ஓடிய மணி நேரம், இரண்டாம் எண் கணக்கில் வந்த தொகை, மின்வாரியத்துக்குக் கட்டியது, இன்னும் கட்ட வேண்டியது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி ஊருணிக் கரைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒட்டும்படி தீர்மானம் கொடுத்திருக்கிறேன். முன்மொழிந்தவர் என் பெயர். வழிமொழிவதாகச் சொன்னது எதிர்வீட்டு ஆச்சி. எண்பத்திரண்டு வயது, சிறுமியாக அந்த ஊருணியில் தண்ணீர் மொண்டவர்.